பத்துச் சிவப்புப் பொத்தான்கள்

கணிப்பொறி அறையின் மூன்றாம் விதி: “ஆங்கிலத்தில் அறுபது மதிப்பெண்ணுக்குக் குறைவாக எடுத்தோர் விசைப்பலகையைத் தொடலாகாது.” எனக்கு முப்பத்தாறு. அரசு அலுவலகத்தில் விதிகளோடே குடும்பம் நடத்தி விருப்ப ஓய்வு பெற்றவள் என்ற முறையில் சொல்கிறேன், குறை சொல்ல முடியாத விதி. என்னைத் தடுப்பதைத் தவிர அதற்கு வேறு வேலையே இருக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் திண்டுக்கல்லில் எங்கள் பெண்கள் பள்ளிக்கு அரசாங்கம் ஒரு கணிப்பொறி அனுப்பியது. அதன் திரையில் ஒரு சிறு முக்கோணம். பெயர் ஆமை. ‘முன்னே போ’, ‘வலப்பக்கம் திரும்பு’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் கோடு இழுத்துக்கொண்டே ஊரும். ஓர் எழுத்து பிசகினாலும் அசையாது. சின்னாளபட்டியிலிருந்து பஸ்ஸில் வரும் நெசவாளர் வீட்டுப் பெண்கள் பதினொரு பேர் ஜன்னலோரம் கைகட்டி நின்று, தகுதியுள்ளவர்கள் ஆமையோடு மல்லுக்கட்டுவதை வேடிக்கை பார்த்தோம்.

“தொட்றாதீங்கடி, ஆமை செத்துப்போயிரும்” என்பாள் வகுப்புத் தலைவி.

விசைப்பலகையின் மேல்வரிசையில் பத்துச் சிவப்புப் பொத்தான்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கட்டளையை அடக்கி வைக்கலாம் என்று கணக்கு டீச்சர் காட்டினார். எது எந்தக் கட்டளை என்று எழுதிச் செருக, மேலே ஒரு கண்ணாடித் தாள் பட்டை. எழுதத்தானே ஆங்கிலம் வேண்டும், படம் வரையலாமே என்று எனக்குத் தோன்றியது.

என் சித்தப்பா தறிக்கு அட்டை குத்துகிறவர். சேலைக் கரையில் எந்த நூல் எழும்ப வேண்டும் என்பதை அந்த அட்டையின் துளைகள்தான் தறிக்குச் சொல்லும். கழித்துப்போட்ட அட்டை ஒன்று கேட்டேன்.

“எதுக்குத்தா?”

“ஆமைக்கு.”

“அம்புட்டுப் பெரிய படிப்பா!” என்று இரண்டு அட்டையாகவே கொடுத்தார்.

நேர் அம்பு, வளைந்த அம்பு எல்லாம் எளிதாக முடிந்தன. ‘செய்ததையே மறுபடி செய்’ என்பதற்குத்தான் படம் சிக்கவில்லை. இரண்டு ஆமை வரைந்தேன். “குட்டி போட்டிருக்கா?” என்றார்கள் தோழிகள். கடைசியில், தறியின் மேல் கோத்துத் தொங்கும் அட்டை மாலையை வரைந்தேன். கடைசி அட்டை முடிந்ததும் முதல் அட்டை தானே வந்து நிற்குமே, அந்த வளையம். டீச்சருக்கு விளங்கவில்லை. எங்கள் பதினொரு பேரில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

டீச்சர் என் படங்களுக்கேற்ற கட்டளைகளைப் பொத்தான்களில் அடக்கித் தந்தார். விதியைத் தளர்த்தக் கோரி மேலிடத்துக்கும் எழுதினார். பதில் வரும்வரை தொடக்கூடாது என்றார்.

பதிலுக்கு முன் கல்வித்துறை அதிகாரி பார்வையிட வந்துவிட்டார். ஏதாவது வரைந்து காட்டச் சொன்னார். வகுப்புத் தலைவி பதற்றத்தில் மூன்று முறை எழுத்துப் பிழையோடு தட்டினாள். ஆமை அசையவில்லை.

“பயன்படுத்தத் தெரியலைன்னா வேற பள்ளிக்கு அனுப்பிரலாம்” என்று அவர் பேனாவைத் திறந்தார்.

டீச்சர் என் அட்டையைப் பட்டையில் செருகினார். “நீ வா” என்றார்.

படம் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஏறு, திரும்பு, இறங்கு, திரும்பு. திரையில் ஒரே ஒரு கோபுரம். பின்னாலிருந்து பத்துக் குரல்: “வளையத்த அமுக்குடி!”

அமுக்கினேன். மறுபடி, மறுபடி. திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கோபுரக் கரை ஓடியது, எங்கள் ஊர்ச் சேலையில் ஓடுவது போலவே.

“இங்கிலீஷ்ல எவ்வளவு மார்க்?” என்றார் அதிகாரி.

“முப்பத்தாறு, சார்.”

அவர் பேனாவை மூடினார். கணிப்பொறி எங்களிடமே நின்றது. மறுவாரம் பதினொரு பேரும் வரிசையில் நின்று தட்டினோம். ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரிந்த வகுப்புத் தலைவியும் படம் பார்த்தே தட்டினாள்.

டீச்சரின் கடிதத்துக்கும் ஒருநாள் பதில் வந்தது. “படங்களாலான இம்மொழியின் பெயரையும், அதை உருவாக்கியவர் பெயரையும் தெரிவித்தால் பரிசீலிக்கப்படும்.” விழுந்து விழுந்து சிரித்தேன். அட்டையில் நாலு அம்பு வரைந்ததைப் போய் மொழி என்கிறார்களே, இவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று நினைத்தேன்.

அந்தப் பதிலிலும், பள்ளிப் படிப்பை முடித்து நான் அன்று வாங்கப் போயிருந்த மாற்றுச் சான்றிதழிலும் பள்ளி அலுவலகத்தின் ஒரே தேதி முத்திரை.