சித்தியின் கோட்டுக்கு நான் சொன்ன குறைகள்

எங்கள் வீட்டில் குளிர் என்றால் மார்கழியில் மின்விசிறியை ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைப்பது. அதற்கே அப்பா காதில் பஞ்சு வைத்துக்கொள்வார். அப்படிப்பட்ட எங்கள் அம்பத்தூர் கள்ளிக்குப்பத்து மூன்றாம் மாடி வீட்டுக்குள், ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், சித்தி நனைந்த குடையோடு வந்து நின்றாள். ஜனவரியில் தன்னைக் கம்பெனியில் கனடாவுக்கு, டொராண்டோவுக்கு அனுப்பப் போகிறார்கள் என்றாள். இரண்டு வருடமாம். அவள் போய் இறங்கும் நேரத்தில் அங்கே தண்ணீர் குழாயிலேயே உறைந்துவிடுமாம்.

சித்தி என் அம்மாவின் தங்கை. எஸ்டேட் என்று நாங்கள் சொல்லும் தொழிற்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தாள். எனக்கு அப்போது பத்து வயது. அவளுக்கும் எனக்கும் ஒரே கட்டில், ஒரே பீரோ. கணக்குப் பரீட்சையில் நான் வாங்கும் லட்சணமான மார்க்குக்கு அம்மாவின் கையெழுத்தை அம்மாவைவிட அழகாகப் போட்டுத் தருபவள் அவள்தான். அவள் போய்விட்டால் என் கதி என்ன என்று அந்த வீட்டில் ஒரு ஜீவனுக்கும் தோன்றவில்லை. எல்லாருக்கும் ஒரே கவலை வந்தது. கோட்டு.

குளிரையே பார்க்காத ஜனங்கள் குளிரைப் பற்றி இவ்வளவு பேச முடியும் என்பதை நான் அந்த மாதம்தான் தெரிந்துகொண்டேன். அம்மாவுக்கு ஸ்வெட்டரும் மஃப்ளரும் குரங்குக் குல்லாவும் இருந்தால் போதும், எமனையே எதிர்க்கலாம். எதிர் வீட்டு அத்தையின் மகன் டெக்சாஸில் இருந்தான். அந்த உரிமையில் அவள், அங்கே யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள், போர்வையைச் சுற்றிக்கொண்டு போனாலும் கேட்க ஆளில்லை என்றாள். அப்பா மட்டும் தான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் யாரையோ விசாரித்துவிட்டு வந்து சுருக்கமாகச் சொன்னார். சரியான கோட்டு இல்லாமல் அந்த ஊரில் கால் வைக்கவே முடியாது.

அதை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். கோட்டு கிடைக்காவிட்டால் சித்தி போக முடியாது. பாஸ்போர்ட், விசா, கம்பெனி எதுவும் என் கணக்கில் வரவில்லை. நான்தான் கணக்கில் புலியாயிற்றே.

சித்தி என் ரஃப் நோட்டில் ஒரு பட்டியல் எழுதினாள். தடியாக ஒரே துணி உதவாது. உடம்போடு ஒட்டும் தெர்மல், அதன்மேல் ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே கோட்டு. உள்ளே இவ்வளவும் போவதால் கோட்டு ஒரு சைஸ் பெரிதாக இருக்க வேண்டும், ஆனால் மூட்டை மாதிரி தெரியக் கூடாது, அதற்கு இடுப்பில் பெல்ட் வேண்டும். முட்டிக்குக் கீழே இறங்க வேண்டும். தலைக்கு மூடி வேண்டும். ஆபீசுக்கும் அதுதான், கடைக்கும் அதுதான், ஆகவே அழுக்குக் காட்டாத நிறம். கடைசியாக ஒரு வரி எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டாள். ரயிலில் போகும்போது ஊருக்குப் புதுசு என்று யாருக்கும் தெரியக் கூடாது.

கடைக்கு என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவேன் என்றும் சொல்லிவிட்டாள். அம்மா நானும் வருகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் கிளம்புவாள். வேண்டாம்க்கா, இவள் போதும், இவள்தான் உள்ளதைச் சொல்வாள் என்பாள் சித்தி. என் வாய் அந்த வீட்டில் பேர்போனது. அதற்கு முந்தின வருடம் சித்தியைப் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளையின் அம்மாவிடமே போய், உங்கள் பையனுக்கு இப்போதே சொட்டை விழுந்துவிட்டதே என்று கேட்டவள் நான். அந்தச் சம்பந்தம் அங்கேயே முறிந்தது. அம்மா முதுகில் இரண்டு வைத்தாள். சித்தி மறுநாள் பெரிய சாக்லேட்டாக ஒன்று வாங்கிக்கொடுத்தாள்.

முதலில் அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜவுளிக்கடை. பளபளவென்று கறுப்பில் உப்பலாக ஒரு ஜெர்கின் எடுத்துக் கொடுத்தார்கள். சித்தி அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று என்னைத்தான் பார்த்தாள். குப்பை போடும் கறுப்புக் கவரில் காற்றடைத்த மாதிரி இருக்கிறது என்றேன். அவள் திட்டவில்லை. சட்டென்று கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு அப்பா எங்களை ரயிலேற்றிப் பட்டாபிராமுக்குக் கூட்டிப்போனார். பட்டாளத்துச் சாமான் விற்கும் கடை ஒன்று அங்கே இருந்தது. கடைக்காரர் ஒரு பச்சைக் கோட்டை இரண்டு கையாலும் தூக்கிவந்து, இது பனிமலையில் காவல் நிற்கிறவர்கள் போடுவது என்று தட்டிக் காட்டினார். தட்டியதில் தூசி பறந்தது. அப்பாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. சித்தி அதற்குள் நுழைந்தபோது விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை.

"ஏ.டி.எம். வாட்ச்மேன் மாதிரி இருக்க சித்தி," என்றேன்.

கடைக்காரரே சிரித்துவிட்டார். அப்பா திரும்பி வரும்வழியில் என்னோடு பேசவில்லை. எனக்கோ உள்ளுக்குள் கொண்டாட்டம்.

மூன்றாவது, ஆவடி மார்க்கெட் பக்கம். மழைக்காலம் முடியும் சமயத்தில் வடக்கேயிருந்து வந்து சுவரோரம் கம்பளி விரிப்பார்கள். அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளிக் கோட்டு உண்மையிலேயே நன்றாக இருந்தது. கழுத்தில் அரிக்கும், நாய் நனைந்த வாடை வருகிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டேன். சித்தி அதையும் உடனே வைத்துவிட்டாள். விற்ற அம்மாள் என்னை முறைத்த முறைப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

டிசம்பர் வந்துவிட்டது. வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. கோட்டு இன்னும் கிடைக்கவில்லையா என்று மாடிப்படியில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். சித்தி ஆபீசிலிருந்து வந்ததும் பெட்டியைத் திறப்பாள், அடுக்கியதைக் கலைப்பாள், மறுபடி அடுக்குவாள். நான் சோறு தின்னும்போதும் காலை ஆட்டிக்கொண்டே இருந்தேன். காலை ஆட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று அம்மா கத்துவாள். காலண்டரில் நாளை எண்ணிக்கொண்டே இருந்தேன். இன்னும் சில வாரம் எல்லாக் கோட்டையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதும், ஜனவரி தாண்டிவிடும் என்பது என் திட்டம்.

அப்போதுதான் அண்ணா நகரில் அந்தப் பாழாய்ப்போன கோட்டைப் பார்த்தோம். வெளிநாடு போகிறவர்களுக்கென்றே துணி வைத்திருந்த கடை. அரக்கு நிறம். முட்டிக்குக் கீழே ஒரு சாண் இறங்கியது. பெல்ட்டை இறுக்கினால் இடுப்பு இருந்தது, தளர்த்தினால் உள்ளே இரண்டு ஸ்வெட்டருக்கு இடம் இருந்தது. தலைக்கு மூடியைப் பொத்தான் போட்டு மாட்டலாம், கழற்றலாம். பாஸ்போர்ட் வைக்க உள்பக்கம் பை. சித்தி அதைப் போட்டுக்கொண்டு திரும்பியபோது கடைப் பெண்ணே வேலையை விட்டுவிட்டுப் பார்த்தாள். சித்தி அவ்வளவு அழகு என்பது எனக்கு அதுவரை தெரியாது. அழுகை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, இது குளிர் தாங்காது என்றேன்.

"உனக்கு எப்படிடி தெரியும்?"

"பாத்தாலே தெரியுது. லேசா இருக்கு."

கோட்டில் தொங்கும் அட்டையைப் பிய்க்காமல் மூன்று நாளில் கொண்டுவந்தால் திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கடையில் சொன்னார்கள். ஆகவே கோட்டு வீட்டுக்கு வந்தது. அம்மா நெட்டி முறித்துத் திருஷ்டி கழித்தாள். இவள் தாங்காது என்கிறாளே என்று அப்பா யோசித்தார். தாங்குமா தாங்காதா என்று பார்க்கக் கள்ளிக்குப்பத்தில் குளிருக்கு எங்கே போவது? கீழ் வீட்டு மாமாதான் வழி சொன்னார். அவர் எஸ்டேட்டில் ஐஸ்கிரீம் சேமித்து வைக்கும் குளிர்க் கிடங்கில் சூப்பர்வைசர், இந்தப் பக்கத்துப் பழைய ஆள்.

"கோட்டுக்குப் பரிச்ச வெக்கணும், அவ்ளோதானே? நம்ம ரூமு மைனஸ் பதினெட்டுல கீது. ஞாயித்துக்கெழம காலீல வாங்க, பத்து நிமிசம் உள்ள வுடுறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு ஷேர் ஆட்டோவில் குடும்பமே கிளம்பிப் போனோம். கோட்டுக்குப் பரீட்சை வைக்கக் குளிர்க் கிடங்குக்குப் போன குடும்பம் இந்த உலகத்தில் வேறு உண்டா தெரியாது. உள்ளதைச் சொல்ல ஆள் வேண்டுமே, நானும் உள்ளே போவேன் என்று அடம்பிடித்தேன். அம்மா எனக்கு இரண்டு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் மாட்டிவிட்டாள். உள்பக்கம் இருந்த கைப்பிடியை எப்படித் தள்ளித் திறப்பது என்று மாமா இரண்டு தடவை செய்து காட்டினார். பிறகு கதவைச் சாத்தினார்.

உள்ளே ஒரே புகையாக இருந்தது. கூரை வரைக்கும் அட்டைப் பெட்டிகள். எங்கேயோ மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிடத்தில் எனக்கு மூக்கு இருக்கிறதா என்றே தெரியவில்லை, பல் தந்தியடித்தது. சித்தி பெல்ட்டை அவிழ்த்து, என்னை உள்ளே இழுத்துக் கோட்டால் மூடிக்கொண்டாள். என் முகம் அவள் வயிற்றில் புதைந்தது. அடுப்பங்கரை மாதிரி அப்படி ஒரு கதகதப்பு.

"குளுருதா?"

"இல்ல."

"எனக்கும்தான் இல்ல."

என் குல்லாவின் மேல் அவள் கை ஊர்ந்துகொண்டிருந்தது. பிறகு மிகவும் மெதுவாக, மோட்டார் சத்தத்தில் பாதிதான் கேட்கும்படியாகச் சொன்னாள்.

"வெளிய போயி, குளுரு தாங்கலன்னு சொல்லிடலாமா? ரெண்டு பேரும் சேந்து சொல்லலாம். நீ சொன்னா மாமா நம்புவாரு."

அவள் மாமா என்றது என் அப்பாவை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. கறுப்புக் கவர், வாட்ச்மேன், நாய் நனைந்த வாடை, எல்லாவற்றையும் இவள் கண்டுபிடித்துவிட்டாள். இத்தனை நாள் நான் சொன்னது பொய் என்பதை என் வாயாலேயே வரவழைக்கத்தான் இங்கே நிறுத்தி ஆழம் பார்க்கிறாள். இப்போது ஆமாம் என்றால் மாட்டிக்கொள்வேன், இனிமேல் என்னை நம்பவே மாட்டாள், கையெழுத்தும் போட்டுத் தர மாட்டாள். பத்து வயதுப் புத்தி அந்தக் குளிரிலும் அவ்வளவு வேகமாக ஓடியது.

"பொய் சொல்லக் கூடாது சித்தி," என்றேன். "கோட்டு நல்லாத்தான் இருக்கு. சூடாத்தான் இருக்கு."

குல்லாவின் மேல் ஊர்ந்த கை நின்றது.

"ஆமா," என்றாள். "நல்லாத்தான் இருக்கு."

பத்து நிமிடம் ஆவதற்கு முன்பே அவள் கதவைத் தள்ளித் திறந்தாள். வெளியே நின்றவர்கள் அவளைக் கேட்கவில்லை, எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். தாங்கும் என்றேன். அப்பா அப்போதே அட்டையைப் பிய்த்து எறிந்தார். கீழ் வீட்டு மாமா எனக்கு ஒரு கப் ஐஸ்கிரீம் கொடுத்தார். ஒரு வாய் வைத்ததும் அழுதுவிட்டேன். குளிரிலிருந்து வந்த பிள்ளைக்கு ஐஸ்கிரீமா, பல் கூசாதா என்று அம்மா அவரைக் கோபித்துக்கொண்டாள்.

ஜனவரியில் வழியனுப்ப ஒரு வேன் நிறையப் போனோம். பெட்டி எடை கூடிவிட்டதால் கோட்டை உடம்பில் போட்டுக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் மத்தியான வெயிலில் சித்தி அரக்குக் கோட்டோடு நின்றாள். முகம், கழுத்து எல்லாம் நனைந்திருந்தது. பாவம், கோட்டுக்குள் வெந்துபோகிறாள் என்று எதிர் வீட்டு அத்தை விசிறினாள். நானும் வியர்வை என்றுதான் நினைத்தேன்.

இரண்டு வருடம் என்று போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். கல்யாணம், பிள்ளைகள், சொந்த வீடு, எல்லாம் ஆயிற்று. நன்றாக இருக்கிறாள். போனதற்காக அவள் வருத்தப்பட்டு நான் கேட்டதில்லை. ஆனால் அன்று அவளுக்கு இருந்த வயது இப்போது எனக்கு. அந்த மூன்று மாதத்தில் எந்தக் கோட்டு என்று ஊரே அவளைக் கேட்டது. போக உனக்கு இஷ்டமா என்று ஒருவர் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது என்று அத்தனை பெருமைக்கு நடுவில் அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? அதனால்தான் அம்மாவை விட்டுவிட்டுக் கடைக்குக் கடை என்னைக் கூட்டிக்கொண்டு அலைந்திருக்கிறாள், இவள் வேண்டாம் என்றுதான் சொல்வாள் என்று நம்பி. அவள் கேட்காமலே நாலு கடையில் வேண்டாம் என்று சொன்னேன். வாய்விட்டுக் கேட்ட ஒரே இடத்தில், அரிச்சந்திரன் வீட்டுப் பெண்ணாக ஆகிவிட்டேன்.