காய்ச்சல் முதுகில் இருந்தது

முப்பத்தோரு வருஷம் புதுச்சேரியில் ஆண்கள் வார்டு நர்ஸ் நான். புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு இதை எழுதுகிறேன். இனிப்பாக எழுத வராது.

ஏழுமலை உழவர்கரைக்காரர், லோடுமேன். லாரியிலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அதன்பின் வீட்டில் படுக்கையாகக் கிடந்தவரைக் காய்ச்சலோடு கொண்டுவந்தார்கள். யூரின் டியூப் இருந்ததால் யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று எழுதி டியூட்டி டாக்டர் ஊசி ஆரம்பித்தார். மூன்று நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. பேச்சு குழறியது, பி.பி. இறங்கியது.

லீவு முடிந்து அன்றுதான் போனேன். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைத்ததாக சார்ட்டில் டிக் இருந்தது. எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு. ஷிஃப்ட் தொடங்கும்போதே மொத்தமாகப் போட்டுவிடுவது எங்கள் வார்டு வழக்கம். நானும் போட்டிருக்கிறேன். வெட்கக்கேடு.

ஏழுமலையின் மனைவி செல்வியிடம், புரட்டிப் படுக்க வைத்தார்களா என்று கேட்டேன்.

"பாக்க வர்றவங்களுக்கு முதுகக் காட்டிக்கினு படுத்தா மரியாதையா இருக்குமா சிஸ்டர்? வீட்லயும் வாசலப் பாக்க நேராத்தான் படுக்க வெச்சிருந்தோம். முதுகுல இருந்த புண்ணு காஞ்சிடுச்சி."

புரட்டினேன். வால் எலும்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புப் பொருக்கு. மேலே காய்ந்திருந்தது. அழுத்தினால் அடியில் தளதளவென்றிருந்தது, நாற்றம் வந்தது. டாக்டரைக் கூப்பிட்டேன்.

"அது பழைய புண்ணு சிஸ்டர். நீங்க டிரஸ்ஸிங்க மட்டும் பாருங்க."

"அதத்தான் சார் பாக்கறேன். நீங்களும் வந்து பாருங்க. வரலன்னா சர்ஜரிக்கு நானே போன் பண்ணுவேன்."

அவர் வரவில்லை. போன் செய்தேன். சர்ஜன் வந்து பொருக்கை வெட்டியதும் சீழ் கொட்டியது. கம்பியை விட்டார், எலும்பில் தட்டியது. எலும்பு அழுகி, விஷம் ரத்தத்தில் ஏறியிருந்தது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் ஆள் இல்லை என்றார். அன்று மதியமே தியேட்டருக்குக் கொண்டுபோய்ச் செத்த சதையையும் எலும்பையும் எடுத்தார்கள்.

ஆபரேஷன் ஆன ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர் அவர் முதுகைப் பார்த்தபடி தயங்கி நின்றார். ஏழுமலை சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "மூஞ்சப் பாக்கணும்னா இந்தப் பக்கம் சுத்தி வா மாமா. நான் திரும்ப மாட்டேன்."

எனக்கு மெமோ வந்தது, டாக்டரை மீறிப் போன் செய்தேனாம். ஆமாம், செய்தேன், இனியும் செய்வேன் என்று எழுதிக் கொடுத்தேன்.

உணர்ச்சியில்லாத உடம்பு வலிக்கிறது என்று சொல்லாது. காய்ச்சல் என்றால் ஆளைப் புரட்டுங்கள், புண்ணை அழுத்திப் பாருங்கள். புரட்டாமல் டிக் போடாதீர்கள். யாரும் வராவிட்டால் போனை எடுங்கள். உங்களுக்கும் மெமோ வரும், வாங்கிக்கொள்ளுங்கள். மெமோவால் யாரும் செத்ததில்லை.