பாயின் அடிப்பக்கம்

நான் வேலை செய்த பாலே நடனக் குழு மூடப்பட்டு சில வருடங்களுக்குப் பிறகு, அதில் ஆடிய ஒரு பெண் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். குழுவின் வரலாற்றைச் சின்னப் புத்தகமாக எழுதுகிறாராம். அலுவலகக் காகிதங்கள் நிலவறையில் தண்ணீர் புகுந்து கூழாகிவிட்டன. எந்தெந்த ஊரில் ஆடினோம் என்ற பட்டியல் இப்போது ஓரிடத்தில்தான் இருக்கிறது. நான் மேடையில் விரித்த பாய்களின் அடிப்பக்கத்தில், என் கையெழுத்தில், தமிழில். நோர்வேத் தலைநகரின் ஓரம், ஸ்டோவ்னரில் இருக்கும் களஞ்சியத்தை வெள்ளிக்கிழமை காலி செய்ய வேண்டும், பாய்கள் குப்பைக்குப் போகும், அதற்கு முன் வந்து வாசித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

வருகிறேன் என்றேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் ஊர்ப் பெயர்களுக்குப் பக்கத்தில் வேறு என்ன எழுதினேன் என்பது நினைவுக்கு வந்தது. அதை மட்டும் யாருக்கும் வாசித்துக் காட்ட முடியாது.

திருகோணமலையில் எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பிறகு கப்பலில் பாத்திரம் கழுவினேன். நோர்வேயின் வடக்கே மீன் ஆலையில் தலை வெட்டினேன். விடுதியில் படுக்கை விரிப்பு மாற்றினேன். ஓரிடத்தில் இரண்டு குளிர்காலத்துக்கு மேல் நின்றதில்லை. இந்தக் குழுவில் மட்டும் பதினொரு வருடம். அங்கே ஓரிடத்தில் நிற்கத் தேவையில்லை, வேன் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதுதான் காரணம்.

தலைநகரின் பெரிய மேடையில் இடம் கிடைக்காத நான்கு பேர் தொடங்கிய குழு அது. சுற்றியுள்ள மாவட்டங்களின் சிறிய ஊர்களுக்குப் போய் ஆடுவார்கள். பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபத்தில்கூட ஆடுவார்கள். அந்தத் தரைகளில் கால் வழுக்காமல் இருக்கத்தான் பாய். சாம்பல் நிறத்தில், தடித்த பிளாஸ்டிக்கில், ஆறு சுருள்.

அப்போது ரொம்சோஸில் என்னோடு வீட்டைப் பகிர்ந்தவர் யாழ்ப்பாணத்துத் தீவுக்காரர், பஸ் ஓட்டுபவர்.

"என்ன அண்ணை, இந்தக் கிழமை எந்த ஊரிலை பாய் விரிப்பு?" என்பார்.

"எல்வெரும்."

"பாய் விரிச்சா மனுசர் படுக்கிறவை. எழும்பி ஆடுறதுக்குப் பாய் விரிக்கிறதை இஞ்சைதான் கண்டனான்."

கல்யாணம் முடித்து அவர் மோர்டென்ஸ்ருட்டுக்குப் போன பிறகு அந்தக் கேள்வியும் இல்லை.

ஒவ்வொரு மண்டபத்தின் தரையும் ஒவ்வொரு விதமாகச் சரியும். எந்தச் சுருளை எந்தச் சுவரிலிருந்து விரித்தால் மடிப்பு விழாது என்று அடுத்த முறைக்காக அடியில் எழுதி வைப்பேன். நோர்வே மொழியில் எழுத வராது, அதனால் தமிழில். ஒருவராலும் வாசிக்க முடியாது என்று தெரிந்த பிறகு இன்னொரு வரியும் சேர்த்தேன். "ஹாமார். வாசல் பக்கம் தொடங்கு. இன்று ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை." "ரோரோஸ். நடுவில் பள்ளம். ஒருவரும் கதைக்கவில்லை." ஊர் மாறும், பள்ளம் மாறும், கடைசி வரி அநேகமாக மாறாது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. வந்ததும் உடம்பை வளைக்கத் தொடங்குவார்கள், ஆடி முடிந்ததும் பஸ்ஸில் ஏறுவார்கள். நான் அவர்களுக்கு முன்னே வேனில் வருவேன், பின்னே வேனில் போவேன்.

வியாழன் காலை களஞ்சியத்தில், என்னை அழைத்த அந்தப் பெண் மடியில் கணினியோடு கதிரையில் இருந்தார். ஒரு காலை நீட்டியே வைத்திருந்தார். நான் சுருள்களைக் கவிழ்த்து விரித்து ஊர்ப் பெயர்களை வாசித்தேன். நாங்கள் கதைத்தது நோர்வே மொழியில்தான், ஆனால் என் காதில் அது நம் பேச்சாகவே நிற்கிறது.

"ஊரின்ரை பேர் இவ்வளவு நீளமில்லையே," என்றார். "பக்கத்திலை என்ன?"

"எந்தச் சுவரிலை தொடங்கிறது எண்டு."

"அதுக்கும் பிறகு?"

"காலநிலை."

அவருக்கு முகம் மலர்ந்தது. "நல்லது. அதையும் சொல்லு, புத்தகத்திலை போடுவம்."

அதன் பிறகு வேறு வழியில்லை. ஒருவரும் கதைக்காத நாளைப் பனி என்றேன். யாராவது வணக்கம் சொன்ன நாளை மேகமூட்டம் என்றேன். கோப்பி கொண்டுவந்து தந்த நாள் ஒன்று இருந்தது, அதற்குத் தூறல். அவர் தட்டிக்கொண்டே வந்தார். பனி, பனி, மேகம், பனி.

நான்காவது சுருளில் அவர் தட்டுவதை நிறுத்தினார்.

"கொங்ஸ்வின்கரிலை நாங்கள் ஆடினது ஜூன் மாதம். ஜூனிலை பனியோ?"

"சில வருசம் கொட்டும்."

"நான் அங்கை பிறந்தனான்."

நான் குனிந்து பாயில் இல்லாத தூசியைத் துடைத்தேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பனி என்று தட்டிக்கொண்டார்.

கடைசிச் சுருளில் டின்செட் இருந்தது. அது அவருடைய கடைசி ஆட்டம். நடுவில் முழங்கால் போய்விட்டது. வெளியே பனி இடுப்பளவு, ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். எல்வெருமில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு வேனில் நான்தான் கொண்டுபோனேன். பனி வாரும் வண்டிக்குப் பின்னால் மூன்று மணித்தியாலம் ஊர்ந்தோம். வலியை மறக்க அவர் நிறுத்தாமல் கதைத்தார். தாயைப் பற்றி, ஒரு நாயைப் பற்றி, பிறகு என்னைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி. அடுத்த ஊரில் பாய் விரிக்கும்போது எழுதியிருக்கிறேன். "டின்செட். சரிவில்லை. மூன்று மணித்தியாலம் என்னோடு கதைத்தா."

"டின்செட்," என்றேன்.

"காலநிலை?"

பனி என்றே சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் அந்த வரிக்கு அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"வெயில்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு திரையில் பட்டியலை மேலிருந்து கீழே மெதுவாக நகர்த்தினார். ஹாமாரில் தொடங்கி எல்லாவற்றையும் திரும்ப வாசித்தார் என்று நினைக்கிறேன்.

"மற்றப் பனியெல்லாம் அப்பிடியே கிடக்கட்டோ?" என்று கேட்டார்.

"ஓம். கிடக்கட்டும்."

வெயில் என்று தட்டினார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. எழும்பும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார், காலுக்காக என்றுதான் எடுத்துக்கொண்டேன். அவருக்குச் சுரங்க ரயிலுக்கு நேரமாகியிருந்தது.

பாய்களைச் சுருட்டும் வேலை மிஞ்சியது. குப்பைக்குப் போகிறவைதான், ஆனால் விட்டுவிட்டு வர மனமில்லை. ஆடும் பக்கம் கீறுப்படாமல் எப்போதும் அதைத்தான் உள்ளே வைத்துச் சுருட்டுவேன். அன்று அடிப்பக்கத்தை உள்ளே வைத்து, இறுக்கி, நாடா ஒட்டினேன். குப்பை நிலையத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்த நம்மாட்கள் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள்.