பூசணிக்காயைக் கண்காணித்த குழு

தலைநகரின் போலீசைக் கண்காணிக்கும் குழு, கூட்டம் போட மலைக்கு வந்தது. அமைதியான சூழலில் உட்கார்ந்து சிந்திக்க வேண்டுமாம். பிரிஞ்சாங் என்கிற மலையூரில் இரவுச் சந்தைக்குப் பக்கத்து ஹோட்டலில் என்ன அமைதி இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. முதல் நாள் சிந்தனை முழுவதும் ஸ்ட்ராபெரி எந்தக் கடையில் மலிவு என்பதிலேயே செலவானது.

நானும் அந்தக் குழுவில் ஒருத்திதான். பயங்கரவாதத் தடுப்புப் பிரிவும், பெரிய மனிதர்களுக்குப் பாதுகாப்பு கொடுக்கும் பிரிவும் சாதாரண ஜனங்களிடம் வரம்பு மீறினால் கேள்வி கேட்பதற்காக ஜனங்களிலிருந்தே ஆள் பொறுக்கி இந்தக் குழுவை அமைத்திருந்தார்கள். நான் தலைநகரில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பெண், தமிழச்சி, தோட்டத்தில் பிறந்தவள். இத்தனையையும் ஒரே நாற்காலியில் உட்கார வைத்துவிடலாம் என்பதால்தான் என்னைப் பிடித்தார்கள். கேள்வி கேட்பேன் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

எங்கள் தலைவரும் தமிழர், டத்தோ பட்டம் வாங்கியவர். எந்த மேடையில் ஏறினாலும் "நானும் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன்தான்" என்று ஆரம்பிப்பார். அவருடைய அப்பா கிராணி, அதாவது தோட்ட ஆபீஸ் கணக்கர். கிராணி வீடு தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருக்காது, மேட்டில் தனியாக, பூந்தொட்டிகளோடு இருக்கும். எங்கள் லயத்துப் பிள்ளைகள் அந்த வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள். இந்த விஷயத்தை அவரிடம் ஒரு தடவை சொன்னேன். அதற்குப் பிறகு நான் இல்லாத மேடைகளில் மட்டும் லயத்தில் வளர்கிறார்.

அந்தக் கூட்டத்தில் விசாரணைக்கு வந்த புகார் ஒரு காய்கறி லோரி டிரைவருடையது. அவர் வீடு எங்கள் ஹோட்டலிலிருந்து கூப்பிடு தூரத்துத் தேயிலைத் தோட்டத்தில்தான் இருந்தது. அவரை வரவழைத்து நேரில் கேட்கலாமே என்றேன். "காகிதம் போதும் டீச்சர், ஆள பாத்தா மனசு எளகிடும்" என்றார் டத்தோ. இளகினால் என்ன ஆகிவிடும் என்று நான் கேட்டதற்கு, தேநீர் வந்துவிட்டதாகச் சொன்னார்.

காகிதத்தில் போலீஸ் எழுதியிருந்ததைப் படித்தால் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாது. தலைநகரில் வெளிநாட்டுத் தலைவர் ஒருவர் கடக்கவிருந்த சாலையில், விடியற்காலையில், சந்தேகத்துக்குரிய ஆசாமி லோரியை நிறுத்தினான். எரியும் பொருள் ஒன்றைக் கையில் ஏந்தி வாகனத்தைச் சுற்றி வந்தான். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான். உருண்டையான பொருளை ஓங்கிச் சாலையில் அடித்தான். அது சிதறி உள்ளிருந்து சிவப்புத் தூள் வெளிப்பட்டது. மறைந்திருந்த காவலர்கள் பாய்ந்து அவனை அடக்கினார்கள். அந்த அடக்கலில்தான் டிரைவரின் வலது மணிக்கட்டு முறிந்தது. சிவப்புத் தூளை அரசாங்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே படித்தவர்கள் கூடி ஆராய்ந்து அது குங்குமம் என்றும், உருண்டைப் பொருள் பூசணிக்காய் என்றும் கண்டுபிடித்தார்கள். அதுவரை அந்த மனிதர் லாக்கப்பில் கிடந்தார்.

சாயங்காலம் மற்றவர்கள் சந்தைக்குப் போனபோது நான் தோட்டத்துக்குப் போனேன். புகார் கொடுத்தவரைத் தனியாகப் பார்க்கக் கூடாது என்று விதி இருக்கிறது. பிறந்த தோட்டத்துக்குப் போகக் கூடாது என்று விதி இல்லை. டிரைவர் லயத்து வாசலில் உட்கார்ந்து, முழுதாக மடங்காத கையால் பூட்ஸில் இருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கொழுந்து பறித்துவிட்டு வந்த அவர் மனைவி குளிர் தாங்காமல் துண்டைத் தலையில் சுற்றியபடியே எனக்கு மைலோ கலக்கினாள்.

"புது லோரி டீச்சர், மொத லோடு" என்றார் அவர். "எறக்கத்துல எதுக்க ஓட்டிட்டு வந்த ஒரு கெரேத்தா மோதப் பாத்துச்சி. நூலெழைல தப்பிச்சேன். சரி, மார்க்கெட்டுக்குள்ள நொழையறதுக்கு முந்தி சுத்திப் போட்டுறலாமுன்னு நிப்பாட்டுனேன்லா."

"அதுக்கு நடு ரோடா கெடைச்சிச்சி?"

"முச்சந்தியிலதானே ஒடைக்கணும்? நம்ம தோட்டத்துல ஒடைச்சா யாரு கேக்கறா? அங்கயும் மூணு ரோடு ஒண்ணா சேந்துச்சி. ஒடைச்சிட்டேன்."

அவர் செய்த தவறு அவ்வளவுதான். எல்லா முச்சந்தியும் ஒன்று என்று நினைத்துவிட்டார்.

"குங்குமத்த நாந்தான் நெறைய வச்சி அனுப்புனேன்" என்றாள் மனைவி. தான் குறைத்து வைத்திருந்தால் போலீஸ் குறைத்து அடித்திருக்கும் என்று அவள் உண்மையாகவே நம்பினாள். எனக்கு வந்த கோபத்தில் மைலோவைக் கீழே வைத்துவிட்டேன்.

கை ஒடிந்ததைவிடப் பெரிய தொல்லை வேறு ஒன்று இருந்தது. அவரை விட்டுவிட்டார்களே தவிர, சந்தேகப் பட்டியலில் ஏற்றிய பெயரை எடுக்கவில்லை. எந்த ரோட் பிளாக்கில் ஐசி என்கிற அடையாள அட்டையைக் காட்டினாலும் போலீஸ் மிஷினில் அந்தப் பெயர் எழும்பும். உடனே லோரியை ஓரம் கட்டச் சொல்வார்கள். மேலிடத்தைக் கேட்டு, அவர்கள் இன்னொரு மேலிடத்தைக் கேட்டு, விடுவதற்குள் கீழே மார்க்கெட் முடிந்திருக்கும். கோபிஸ் என்கிற முட்டைக்கோஸ் கொஞ்சம் தாங்கும், கீரை தாங்காது.

"இன்னொரு லோடு அழுகிப்போச்சின்னா சாவியக் குடுத்துட்டுப் போன்னு லோரி மொதலாளி தவுக்கே சொல்லிட்டாரு" என்றார். "அவரச் சொல்லியும் குத்தமில்ல. எனக்குக் காசு வேணாம் டீச்சர், மன்னிப்பும் வேணாம். அந்த மிசின்லேருந்து என் பேர எடுக்கச் சொல்லுங்க. லோரி ஓட்டறதத் தவிர எனக்கு வேற வேல தெரியாது."

மறுநாள் கூட்டத்தில் அதை மட்டும் கேட்டேன். பெயரை எடுங்கள். பாதுகாப்புப் பிரிவின் சார்பில் வந்திருந்த அதிகாரி, இஸ்திரி கலையாத சட்டையோடு, நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். குழு பரிந்துரை செய்தால் எடுப்பதில் தங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்றார். வேலை முடிந்தது என்று நினைத்தேன். டத்தோவின் மூளையைக் குறைத்து எடைபோட்டிருக்கிறேன்.

"பேர எடுக்கச் சொன்னா, ஏத்துனது தப்புன்னு ஆயிடும். ஏத்துனது தப்புன்னா, புடிச்சதும் தப்பு. அப்புறம் கையி ஒடைஞ்சதுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார் அவர்.

"போலீசு பதில் சொல்லட்டும். அதுக்குத்தானே நாம இருக்கோம்?"

"நாம இருக்கறது நம்பிக்கைய வளக்கறதுக்கு டீச்சர்."

யாருக்கு யார் மேல் நம்பிக்கை என்று அவர் சொல்லவில்லை. மற்றவர்கள் பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல்கலைக்கழகத்தில் மனித உரிமை கற்றுக்கொடுக்கும் பேராசிரியர் ஒருவரும் குழுவில் இருந்தார். அவர் கிரீம் வைத்த பிஸ்கட்டைத் தேடிக்கொண்டிருந்தார். முடிவில், காவலர்கள் விதிப்படியே நடந்தார்கள் என்றும், பாதுகாக்கப்பட்ட சாலைகளில் சடங்கு செய்யக் கூடாது என்று தோட்டத்து மக்களுக்கு விழிப்புணர்வு ஊட்ட வேண்டும் என்றும் எழுதினார்கள். என் எதிர்ப்பைச் சேர்க்கச் சொன்னேன். சேர்க்கிறோம் என்றார்கள். தட்டச்சாகி வந்த தாளில் 'குழு ஒருமனதாக' என்று இருந்தது. கேட்டதற்கு, அது எல்லா அறிக்கையிலும் வழக்கமாகப் போடுகிற வார்த்தை என்றார்கள்.

மதியம் கிளம்பினோம். குழுவுக்கென்று வாங்கிய புது வேன் ஹோட்டல் வாசலில் நின்றது. "மலை எறக்கம், பேருக்கு ஒண்ணு செஞ்சிடுப்பா" என்று டத்தோ வேன் ஓட்டுநரிடம் சொன்னார். ஓட்டுநர் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். எலுமிச்சையும் மிளகாயும் கோத்த சரத்தை முன்னால் கட்டினார். கற்பூரம் ஏற்றி வண்டியைச் சுற்றி வந்தார். அதே போலீஸ் அதிகாரி, காற்றில் கற்பூரம் அணையாமல் இருக்கத் தன் தொப்பியைக் கழற்றி மறைப்பாகப் பிடித்தார். ஒரு காவலர் தெருவில் வந்த வண்டிகளைக் கை காட்டி நிறுத்தினார். பேராசிரியர் போட்டோ எடுத்தார்.

"டத்தோ, நேத்து இதத்தானே எரியும் பொருளுன்னு படிச்சோம்?" என்றேன்.

"அது வேற, இது வேற, டீச்சர். ஏறுங்க" என்றார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. வெட்கப்படுவதற்கும் ஒரு பயிற்சி வேண்டும்போல. அவருக்கு அது வாய்க்கவில்லை.

கோலா தெர்லா தாண்டி, கம்போங் ராஜா வருவதற்கு முன்னால் ரோட் பிளாக் போட்டிருந்தார்கள். எங்கள் வேனைக் கண்டதும் காவலர் விறைத்து நின்று சல்யூட் அடித்தார். டத்தோ கண்ணாடியை இறக்கி அந்தக் காவலருடைய சொந்த ஊரை விசாரிக்க ஆரம்பித்தார். ஓரத்தில் ஒரு லோரி நின்றது. அதன் பக்கத்தில் நான் நேற்றுப் பார்த்த டிரைவர், அவருடைய ஐசி வேறொரு காவலர் கையில். லோரியின் தார்ப்பாய்க்கு அடியில் கீரையிலிருந்து வடிந்த தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் இறங்கிப் போனேன். பின்னால் டத்தோ கூப்பிடுவது கேட்டது.

"பேர எடுத்துட்டாங்களா டீச்சர்?"

"இல்ல. எடுக்க மாட்டாங்க."

அவர் லோரிச் சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அப்புறம் என்னைத் தாண்டி எங்கள் வேனைப் பார்த்தார். முன்னால் ஆடிக்கொண்டிருந்த எலுமிச்சைச் சரத்தை அவர் கவனித்துவிட்டது எனக்குத் தெரிந்தது. எங்காவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

"உங்க வண்டிக்கும் சுத்திட்டீங்களா?" என்றார், கொஞ்சமும் குத்தல் இல்லாமல். "நல்லது டீச்சர். கீழ வளைவெல்லாம் ரொம்ப மோசம். பாத்துப் போங்க."