ஆடிப் பார்க்கிற வேலை

காமகுவே நகரத்தில் பழைய மகோகனி மர ஆடு நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னுகிறவள் ஃபெர்மினா. முப்பத்தெட்டு வருஷமாகக் குனிந்து நின்றே பின்னுகிறாள். காலி நாற்காலி ஆடினால் வீட்டில் சாவு விழும் என்பார்கள் அங்கே. அதனால் பின்னி முடித்ததும் யாராவது உட்கார்ந்துதான் ஆடிப் பார்க்க வேண்டும். அந்த யாராவது அவள்தான். பட்டறையில் அவள் உட்காருவதே அப்போது மட்டும்தான்.

நெமேசியோ தன் நாற்காலியை எடுக்க வந்தபோது, அவள் அதில் கண்மூடி ஆடிக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா, நேத்தே முடிஞ்சிருச்சுன்னீங்களே?”

“பின்னல் முடிஞ்சுது. ஆடுனா கிரீச்சுனு சத்தம் வருது பாரு.”

அவன் குனிந்து கேட்டான். சத்தம் வரத்தான் செய்தது.

“அக்கா, நாற்காலி நல்லாத்தான் இருக்கு. சத்தம் உங்க முட்டியில வருது.”

“தெரியும். அது அடங்கட்டும், நாளைக்கு வா” என்றாள், கண்ணைத் திறக்காமலே.