எலிக்குஞ்சுக்கு முதல் பரிசு

என் தம்பியை ஊரறிய "எலிக்குஞ்சு" என்று சொன்ன ஒரே ஆள் எங்கள் நர்சம்மாதான். அதற்காக ஏழு வயதில் நான் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன். அவரோ அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அது எனக்கு இன்னும் பெரிய அவமானம்.

எங்கள் ஊருக்கு உத்திரமேரூரிலிருந்து உள்ளே போக வேண்டும். ஏரிக்கரை வரைக்கும் வந்து பஸ் திரும்பிவிடும். நர்சம்மா மாதத்தில் ஒரு புதன்கிழமை மொபெட்டில் வருவார். பால்வாடி உத்தரத்தில் கொக்கித் தராசை மாட்டி, துணித் தூளியில் ஒவ்வொரு பிள்ளையாகப் போட்டு எடை பார்ப்பார். தடுப்பூசி, கர்ப்பிணிகளுக்குச் சத்து மாத்திரை எல்லாம் அன்றைக்குத்தான். ஊசிக்குக்கூட ஒப்புக்கொண்ட எங்கள் ஊர்ப் பெண்கள், ஆரம்பத்தில் எடைக்கு மட்டும் மசியவில்லையாம். "எடை போடறதுக்கு இது இன்னா ஆட்டுக்குட்டியா? நாலு பேரு கண்ணு பட்டா யாரு பதில் சொல்றது?" என்று பிள்ளையை முந்தானையில் மூடிக்கொண்டு போய்விடுவார்களாம்.

நர்சம்மா அவர்களோடு வாதாடவில்லை. கொழுத்த பிள்ளையாகப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். "ஐயய்யோ, எலிக்குஞ்சு கணக்கா கீதே!" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு, சரியான எடையைச் சத்தமில்லாமல் அட்டையில் குறித்துக்கொள்வார். திட்டு வாங்கிய பிள்ளையை எந்தக் கண் என்ன செய்யும்? தாய்மார்களுக்குப் பரம சந்தோஷம். எவ்வளவு பலமாகத் திட்டுகிறாரோ அவ்வளவு நன்றாகப் பிள்ளை வளர்கிறது என்று ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

என் தம்பிக்குக் கிடைத்ததுதான் எல்லோரையும்விடப் பலமான திட்டு. பள்ளிக்கூடம் பக்கத்திலேயே என்பதால் சாப்பாட்டு மணி அடித்ததும் ஓடிவந்து கேட்டுவிடுவேன். அவனைத் தூக்கித் தூக்கி என் இடுப்பே ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது, இவன் எலிக்குஞ்சா? "அந்தம்மாவுக்குக் கண்ணு தெரியல" என்று வீட்டில் வந்து கத்துவேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

அம்மா சிரித்தது மாதத்தில் அந்த ஒரு நாளில் மட்டும்தான் என்று நினைக்கிறேன். அப்பா ராணுவத்தில் இருந்தார். தம்பி வயிற்றில் இருக்கும்போதே எல்லைக்குப் போனவர். சண்டை முடிந்துவிட்டது என்று டிவியில் சொல்லி, தெருவில் பட்டாசுகூட வெடித்தாகிவிட்டது. அவருக்கு லீவு மட்டும் வரவில்லை. எப்போதாவது மளிகைக் கடைக்குப் போன் வரும். "பையன் எப்பிடி கீறான்?" என்பார். "ஏதோ கீறான்" என்பாள் அம்மா. அதற்கு மேல் சொல்ல அவளுக்குப் பயம். ஆனால் பாலைக் கொடுக்கும்போதும் தூளியை ஆட்டும்போதும் தனக்குள்ளேயே சொல்லிக்கொள்வாள், "அவரு வந்து கையில வாங்கற வரைக்கும் இவன முழுசா வெச்சிருக்கணும்." தெய்வத்திடம் அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஐப்பசி அடைமழையில் தம்பிக்கு வயிறு கெட்டது. பல் முளைக்கிற பிள்ளைக்கு அப்படித்தான் போகும் என்று தெருவே சொன்னது. அம்மாவும் நம்பினாள். அவன் அழுவதைக் குறைத்துக்கொண்டான். எனக்கு அது நல்லதாகவே பட்டது. தூக்கவும் லேசாக இருந்தான்.

அந்தப் புதன்கிழமை நர்சம்மா அவனைத் தூளியில் போட்டார். முள்ளைப் பார்த்தார். வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய தோல் அப்படியே நின்றது. பிறகு அம்மாவைப் பார்த்துச் சிரித்தபடி, "ராஜா மாதிரி கீறான், போ! இன்னா எடை, இன்னா எடை!" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியில் அந்தம்மாவுக்குக் கண் திறந்துவிட்டது! அம்மாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. சுற்றி நின்ற பெண்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். மெலிந்து போன பிள்ளையை மெலிந்துவிட்டது என்று தாயின் எதிரே சொல்ல அந்த நர்சுக்கு வாய் வரவில்லை என்பது அங்கே என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மீதிப் பிள்ளைகளைப் பால்வாடி டீச்சரிடம் விட்டுவிட்டு, "ஏறும்மா, கெட்டியா புட்ச்சிக்கோ" என்று அம்மாவையும் தம்பியையும் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு நர்சம்மா மழையிலேயே போனார்.

எங்கே போகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உத்திரமேரூரில் கொழுகொழு குழந்தைப் போட்டி வைப்பார்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். தெருத் தெருவாக ஓடினேன். "எங்க தம்பிய போட்டிக்கு இட்டுக்கினு போயிட்டாங்க!" கேட்ட பெண்களெல்லாம் என்னைப் பிடித்து அணைத்துக்கொண்டார்கள். ஒருத்தி முறுக்கு கொடுத்தாள், ஒருத்தி தலை வாரிவிட்டாள். என்னைக் கூட்டிப்போய் வைத்துக்கொண்ட பெரியம்மா எனக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டேன்.

உத்திரமேரூரிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள் என்பதும், குளுக்கோஸ் ஏற்ற நரம்பு கிடைக்காமல் தம்பியின் தலையில் ஒரு பக்கம் சிரைத்தார்கள் என்பதும், வேலை முடிந்த பிறகெல்லாம் நர்சம்மா பஸ் ஏறி வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்பதும் நான் வளர்ந்த பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டவை. அவருக்கு அது சம்பளத்தில் சேர்ந்த வேலை இல்லை. அந்த மொபெட் அன்றைக்கு மக்கர் பண்ணியிருந்தால் எனக்குத் தம்பியே இல்லை. அதை நினைக்கும்போதெல்லாம் முகம் மறந்துபோன அந்த மனுஷியை மனசுக்குள் கும்பிடுகிறேன்.

அவர்கள் திரும்பி வந்தபோது நான் வாசலிலேயே மறித்தேன். "பரிசு எங்க?"

அம்மா பின்னால் திரும்பிப் பார்த்தாள். கூட வந்த நர்சம்மா சட்டென்று தன் பையைத் துழாவி, உப்புச் சர்க்கரைக் கரைசல் கலக்குகிற ரோஸ் கலர் பிளாஸ்டிக் டம்ளர் ஒன்றை எடுத்து நீட்டினார். "இந்தா பாப்பா, மொத பரிசு." அதை டிவி மேல், அப்பாவின் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்தேன். தினமும் துடைத்தேன்.

மழை விட்ட பிறகு அப்பா வந்தார். பெட்டியை வைக்கும் முன்பே அம்மா தம்பியை அவர் கையில் கொடுத்துவிட்டாள். அடுத்த எடை நாளுக்கு அப்பாவும் பால்வாடிக்கு வந்து பெண்களுக்கு நடுவில் கூச்சத்தோடு நின்றார். நர்சம்மா தம்பியைத் தூளியில் போட்டார், முள்ளைப் பார்த்தார், நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஐயய்யோ! எலிக்குஞ்சு! எலிக்குஞ்சேதான்!"

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து அழுதாள். மற்ற பெண்களும் சிரித்தார்கள், மூக்கைச் சிந்தினார்கள். எதுவும் புரியாமல் விழித்தது நாங்கள் இரண்டு பேர்தான், எல்லையிலிருந்து வந்த அப்பாவும் நானும்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வீட்டுக்கு ஓடிப்போய் டம்ளரை எடுத்துவந்து நர்சம்மாவின் மூக்குக்கு நேரே நீட்டினேன். "மொத பரிசு வாங்கின புள்ளைய எலிக்குஞ்சுன்றீங்களே, உங்களுக்குக் கண்ணு தெரியாதா?"

நர்சம்மா டம்ளரை வாங்கிப் பார்த்தார். அந்தப் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆமா பாப்பா, தெரியாம சொல்லிட்டேன்" என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

பாவம், தப்பை உணர்ந்துவிட்டார். போனால் போகிறது என்று அன்றைக்கு அவரை நான் மன்னித்துவிட்டேன்.