அவளுக்கு வந்த புலமைப்பரிசில்

எங்கள் வகுப்பில் கணிதத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. விரிவுரையாளர் பலகையில் ஒரு தேற்றத்தின் நிறுவலை முடிக்கும் முன்பே அவள் கொப்பியை மூடிவிடுவாள். ஆனால் கணினி அறிவியல் படிக்க வந்தவளிடம் கணினி இல்லை. என்னுடைய மடிக்கணினியில்தான் இருவரும் மாறிமாறி நிரல் எழுதினோம்.

முதலாம் வருட முடிவில் வெளிநாட்டு நிதியம் ஒன்று, கணினியும் கணிதமும் படிக்கும் வசதியற்ற பெண்பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் அறிவித்தது. எங்கள் வகுப்புக்கு ஓர் இடம். நேர்முகம் முடிந்ததும் அது அவளுக்கே என்றார்கள். காத்திருப்புப் பட்டியலில் அடுத்தது நான். நிரந்தர வதிவிடத்தை உறுதிப்படுத்தக் கிராம சேவகரின் கடிதம் மட்டும் கொடுக்க வேண்டியிருந்தது.

அவள் பிறந்து வளர்ந்தது தெல்லிப்பழைக்குக் கிட்ட, இடம்பெயர்ந்தோர் முகாமில். சொந்தக் காணி கடற்கரையில், இராணுவ வேலிக்குள் இருந்தது. முகாமுக்குப் பொறுப்பான கிராம சேவகரிடம் நானும் கூடப் போனேன்.

"பிள்ளை, நீங்கள் இஞ்சை தற்காலிகமாத்தான் இருக்கிறியள். நிரந்தரம் எண்டு நான் எப்பிடி எழுதுறது?"

"பிறந்த நாள் துவக்கம் இஞ்சைதான் ஐயா இருக்கிறன்."

"விளங்குது. ஆனா எழுதேலாது."

அவளுடைய சொந்த ஊருக்குரிய கிராம சேவகர் இடம்மாறி அச்சுவேலியில் இருந்தார்; அவரைத் தேடிப் பஸ் ஏறினோம். ஆளில்லாத காணிக்கு வதிவிடக் கடிதம் தரமுடியாது என்றார் அவர்.

நிலைமையை விளக்கி நிதியத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். மிகவும் வருந்துவதாகப் பதில் வந்தது. அடுத்த கிழமை அந்த இடம் எனக்கென்று கடிதம் வந்தது.

"எடு," என்றாள். "நீ விட்டாலும் எனக்குத் தரமாட்டினம்."

எடுத்தேன். எங்கள் வீட்டு நிலைமையும் அப்படித்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். புலமைப்பரிசில் காசில் புதிது வாங்கி, என் பழைய மடிக்கணினியை அவளிடமே கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

அந்த மாரிகாலத்தில் அவளுடைய அப்பா வள்ளத்தில் விழுந்து முதுகை உடைத்துக்கொண்டார். அவள் பின்னேரங்களில் ஒரு புடவைக் கடைக்குப் போகத் தொடங்கினாள், பிறகு நாள் முழுக்க. விரிவுரைகளுக்கு வரவு போதாதென்று பல்கலைக்கழகத்தில் அவளைப் பரீட்சை எழுத விடவில்லை.

நான் பட்டம் பெற்று வேலையில் சேர்ந்தபின் ஒருநாள் அந்தக் கடைக்குப் போனேன். அளவுகோலோடு நின்றாள்.

"படிக்கத் திரும்பப் பதியேலாதோ? நான் ஆரோடையும் கதைக்கட்டோ?"

"அந்தக் காலம் முடிஞ்சுது. விடடி. உனக்கு என்ன துணி வேணும்?"

ஏதோ ஒரு நிறத்தைக் காட்டினேன். அளந்து, வெட்டி, மடித்துத் தந்தாள். அதன்பிறகு நான் அந்தத் தெருவால் போவதில்லை.